‘ஆள் தப்பீட்டான்’ என்பதற்குப் பிறகு

தலையில் அடிபட்டவரைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு செய்திகள் வரும். முதலாவது, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் இரண்டு மூன்று இரவு விழித்திருந்தவர் தொலைபேசியில் சொல்வது: “ஆள் தப்பீட்டான்.” இரண்டாவது, ஏழெட்டு மாதம் கழித்துத் தாயோ மனைவியோ கிணற்றடியில் குரலைத் தாழ்த்திச் சொல்வது: “ஆள் இருக்கிறார்தான், ஆனால் முந்தின ஆள் இல்லை.” முதற் செய்தி ஊர் முழுக்கப் பரவும்; நேர்த்திக்கடன் தீர்க்க நல்லூருக்கோ மடுவுக்கோ போய் வருவார்கள். இரண்டாவது செய்தி வேலியைத் தாண்டாது.

எனக்குத் தம்பி முறையான ஒருவன் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து பதினொரு நாள் நினைவில்லாமற் கிடந்தான். அவன் வீடு வந்த நாளிலிருந்து அவனுடைய அக்கா ஒரு பாடசாலைக் கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதி வந்தாள். எழுதும்படி அவளுக்கு எவரும் சொல்லவில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எது நல்ல குறி, எது ஆபத்தின் குறி, எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று சொல்லித்தரவும் ஆளில்லை. அந்தக் கொப்பியை வாசித்த பிறகே மூளைக்காயம் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: முதல் நாட்களில் உயிர் காக்கும் அதிசய மருந்து எதையும் இந்த ஆய்வுகள் கண்டு தரவில்லை. மீட்சிக்கு எடுக்கும் காலத்தை நாங்கள் எவ்வளவு குறுக்கி எண்ணிவிட்டோம் என்பதைத்தான் அவை காட்டியிருக்கின்றன. அந்தக் குறுகிய கணக்கின்படியே இன்னமும் எங்கள் ஒழுங்குகள் எல்லாம் நடக்கின்றன.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடி முதல் 6 கோடிப் பேர் வரை தலையடியால் மூளைக்காயம் அடைகிறார்கள் என்பது 2017இல் லான்செற் நியூரொலஜி இதழின் ஆணைக்குழு வைத்த மதிப்பீடு. அவர்களிற் பெரும்பாலானோர் எங்களைப் போன்ற நாடுகளில் வாழ்பவர்கள். குடாநாட்டில் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளி, தென்னையிலிருந்து விழுந்தவர், கட்டுக் கிணற்றுக்குள் தவறியவர், வழுக்கி விழுந்த முதியவர். போர்க்காலத்தில் ஷெல்லும் விமானக் குண்டும். 2009க்குப் பிறகு வீதிகள் செப்பனிடப்பட்டன, தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பது எளிதானது, வேகம் வந்தது. தலைக்கவசம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, அது மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று 2008இல் கணக்கிட்டது. இவ்வளவு பலன் தரும் மருந்து மூளைக்காய வைத்தியத்தில் வேறு கிடையாது. அதைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு, பொலிசைக் கண்டதும் தலையில் வைக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கிறேன். நெஞ்சு பதறுகிறது.

அடி விழுந்த கணத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை எந்த வைத்தியராலும் மாற்ற முடியாது. நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருக்கும், குருதிக் குழாய் வெடித்திருக்கும். ஆனால் காயம் அத்தோடு நிற்பதில்லை. மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே குருதி கசிந்தாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் குருதியோட்டத்தைத் தடுக்கும். ஒட்சிசன் கிடைக்காத பகுதி மேலும் வீங்கும். மணித்தியாலங்களும் நாட்களுமாக நடக்கும் இந்த இரண்டாவது காயத்தைத் தடுப்பதே வைத்தியசாலையின் வேலை. “விழுந்து எழும்பி நல்லாக் கதைச்சுக்கொண்டு வந்தான், பிறகுதான் மயங்கினான்” என்று உறவினர் சொல்வதன் பொருளும் இதுவே. தலையடிக்குப் பின் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தடுமாறும் பேச்சு, ஓயாத நித்திரை, ஒரு பக்கக் கண்மணி விரிதல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை பார்க்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் விரிந்தது. முச்சக்கர வண்டியில் மடியில் கிடத்திக்கொண்டு ஓடிய காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்.

வைத்தியசாலையில் நோயாளரின் துண்டில் எழுதப்படும் மூன்று முதல் பதினைந்து வரையான எண்ணை உறவினர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கிளாஸ்கோ நகரில் கிரஹம் ரீஸ்டேலும் பிறையன் ஜெனற்றும் 1974இல் வெளியிட்ட அளவுகோல் அது: கண் திறப்புக்கு நாலு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு. 13உம் அதற்கு மேலும் இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8உம் அதற்குக் கீழும் கடுமை. கருவி எதுவும் வேண்டாத, எந்த ஊர்த் தாதியும் செய்யக்கூடிய சோதனை. அதனாற்றான் ஐம்பது ஆண்டு நிலைத்தது. ஆனால் ‘இலேசு’ என்று பெயர் பெற்றவர்களிற் பலர் மாதக்கணக்கில் வேலைக்குத் திரும்பவில்லை. ‘கடுமை’ என்று எழுதப்பட்டவர்களிற் சிலர் நடந்து வந்தார்கள். எனவே 2025இல் 14 நாடுகளைச் சேர்ந்த நிபுணர்கள் புதிய வகைப்படுத்தல் ஒன்றை முன்வைத்தனர். கிளாஸ்கோ எண்ணோடு கண்மணியின் நிலை, குருதியிற் கலக்கும் மூளைப் புரதங்களின் அளவு, ஸ்கான் படம், அவற்றோடு அந்த ஆளின் வாழ்க்கைச் சூழல் என நான்கையும் சேர்த்துப் பார்க்கும் முறை அது. வாழ்க்கைச் சூழலும் காயத்தின் கனத்தைத் தீர்மானிக்கும் என்று நரம்பியல் ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். கைக்குழந்தையோடு கணவனைப் பராமரிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் அதே காயம் வேறு காயம்.

மருந்துகளின் கதை பெரும்பாலும் தோல்வியின் கதை. அதில் ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் தலைக்காயத்துக்கு ஸ்ரிரொயிட் மருந்து கொடுப்பது முப்பது ஆண்டுக்கு மேலாகப் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. ‘கிராஷ்’ எனப்பட்ட ஆய்வு 10,008 நோயாளர்களிடம் அதைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தோர் 21.1 வீதம், பெறாதவர்களில் 17.9 வீதம். காப்பாற்றும் என்று ஏற்றிய ஊசியே மரணத்தைக் கூட்டியிருந்தது. நல்ல நோக்கமுள்ள, அனுபவமுள்ள வைத்தியர்கள்தான் அத்தனை ஆண்டும் அதைக் கொடுத்தார்கள். “எதையாவது செய்யுங்கோ டொக்டர்” என்று மன்றாடுவோர் எல்லோரும் அறிய வேண்டிய ஆய்வு இது. புரொஜெஸ்ரரோன் இரண்டு பெரிய சோதனைகளில் 2014இல் தோற்றது. உடலைக் குளிரூட்டும் முறையும் 2015இலும் 2018இலும் கைகொடுக்கவில்லை. தேறியது ஒன்று: குருதிக் கட்டியைக் கரையாமற் காக்கும் மலிவான ரனெக்சாமிக் அமிலம். 29 நாடுகளில் 12,737 பேரிடம் நடந்த மூன்றாவது கிராஷ் ஆய்வு, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தெளிவான வேறுபாடு எதையும் காட்டவில்லை. ஆனால் இலேசான, நடுத்தரமான காயமுள்ளோருக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மரணம் குறைகிறது என்று 2019இல் அறிவித்தது. மூன்று மணித்தியாலம் என்றால் நெடுந்தீவிலிருந்து படகேற வேண்டியவருக்கு அது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

சத்திரசிகிச்சையில் விடை இன்னும் கடினமானது. அழுத்தம் அடங்காதபோது மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்துவிட்டு மூளைக்கு இடம் கொடுப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வொன்றில், 408 பேரில், ஆறு மாதத்தில் மரணம் 48.9 வீதத்திலிருந்து 26.9 வீதமாகக் குறைந்தது. கூடவே, உணர்வறியா நிலையில் எஞ்சியோர் 2.1 வீதத்திலிருந்து 8.5 ஆகினர். ஓராண்டின் பின் பார்த்தபோது, வீட்டுக்குள்ளாவது தம் காரியத்தைத் தாமே பார்க்கக்கூடியவர்கள் 32 வீதத்திலிருந்து 45 வீதமாகியிருந்தனர். ஆறாம் மாதக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கும் பன்னிரண்டாம் மாதக் கணக்கைப் பார்த்தவருக்கும் இரண்டு வேறு உண்மைகள் தெரிந்தன.

வசதி குறைந்த இடங்களுக்கு ஆறுதலான ஆய்வும் ஒன்று உண்டு. மண்டைக்குள் கம்பி செருகி அழுத்தத்தை அளக்கும் விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் சிகிச்சை குறைபட்டது என்றே கருதப்பட்டது. பொலிவியாவிலும் ஈக்குவடோரிலும் 324 நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைக் கருவியோடும், மறு பிரிவை ஸ்கான் படம், படுக்கையருகுப் பரிசோதனை இரண்டோடு மட்டும் கவனித்தார்கள். 2012இல் வந்த முடிவில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. நல்ல அதிதீவிர சிகிச்சைப் பிரிவும், மணிக்கொரு தடவை கண்மணியைப் பார்க்கும் தாதியும் கருவிக்கு ஈடாக நின்றார்கள். தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரமும் மருந்தும் தடுக்கப்பட்ட இந்தக் குடாநாட்டில் காயக்காரரைக் காத்து நின்ற வைத்தியரும் தாதியரும் இதை அனுபவத்தால் அறிந்திருப்பார்கள்.

இனிக் காலத்தின் கதைக்கு வருகிறேன். இதற்காகவே எழுத உட்கார்ந்தேன். “ஆறு மாதத்துக்குள்ள வந்தது வந்ததுதான், மிச்சம் வராது.” இதைக் கேட்காத குடும்பம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய நெடுங்கால ஆய்வொன்று, அடிபட்டோரை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து 2021இல் முடிவு சொன்னது. இரண்டு வாரத்தில் உணர்வே அற்ற நிலையில் இருந்தவர்களில் 78 வீதத்தினர் ஓராண்டுக்குள் நினைவு மீண்டிருந்தனர். கால்வாசிப் பேர் தாம் யார், எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தனர். இரண்டாவது வாரத்தில் கட்டிலருகே நின்று “இனி ஒண்டும் இல்லை” என்று சொல்லியிருந்தால், அந்த வாக்கு பெரும்பாலும் பிழையாகியிருக்கும்.

அந்த வாக்குக்குத் தன்னைத் தானே மெய்யாக்கும் வலு உண்டு. கனடாவின் ஆறு வைத்தியசாலைகளில் கடும் தலைக்காயத்தால் இறந்தோரைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு, இறப்புகளில் 70 வீதம் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தியபின் நேர்ந்தவை என்றும், அவற்றில் பாதி முதல் மூன்று நாட்களிலேயே எடுத்த முடிவின் விளைவு என்றும் காட்டியது. நம்பிக்கையில்லை என்று நிறுத்துகிறோம், நிறுத்தியதால் இறக்கிறார், இறந்ததால் நம்பிக்கையில்லை என்ற கணக்கு உறுதியாகிறது. 2024இல் வந்த இன்னோர் ஆய்வு, சிகிச்சை நிறுத்தப்பட்டவர்களை அதே நிலையில் இருந்தும் நிறுத்தப்படாதவர்களோடு ஒப்பிட்டது. நிறுத்தப்படாதவர்களில் 40 வீதத்துக்கும் மேலானோர் ஓரளவேனும் சுயாதீனமாக வாழும் நிலையை அடைந்திருந்தனர். எங்கள் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தும் முடிவு அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இங்கே வேறு விதமாக நிறுத்துகிறோம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னறையிற் கிடத்தி, குழாயால் கஞ்சி கொடுத்து, யாரும் அவரோடு பேசாமல் விட்டுவிடுகிறோம். அன்பில்லாமல் அல்ல. கேட்காது என்று நினைப்பதால்.

கேட்காதா? 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளரும் குழுவினரும், வீதி விபத்தின் பின் ஐந்து மாதமாக எந்த அசைவாலும் பதில் தராத 23 வயதுப் பெண்ணொருத்தியை மூளையின் குருதியோட்டம் காட்டும் ஸ்கானுக்குள் வைத்து, “ரெனிஸ் விளையாடுவதாக நினையுங்கள்” என்றார்கள். ஆரோக்கியமானவர்களில் எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி அவளிலும் ஒளிர்ந்தது. உலகம் நம்பத் தயங்கியது. பதினெட்டு ஆண்டு கழித்து, 2024 ஓகஸ்ற்றில், பல நாட்டு மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது: கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேர், அதாவது நாலில் ஒருவர், மூளைக்குள் கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்கான் வசதி எங்களிடம் இல்லை, விரைவில் வரப்போவதும் இல்லை. ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்த ஸ்கான் எதற்கு? கட்டிலருகே நின்று அவருடைய சாவைப் பற்றியும் காணிப் பங்கைப் பற்றியும் பேசாதிருப்பதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று வெள்ளிக்கிழமை, மழை பெய்தது, மகள் பள்ளிக்குப் போய்விட்டாள் என்று சொல்வதற்கும் தேவையில்லை.

விழித்தெழுதலை மருந்தால் விரைவாக்க முடியுமா என்ற கேள்விக்கும் சிறு விடை உண்டு. இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலுக்கும் நடுக்கவாதத்துக்கும் பயன்பட்ட பழைய மருந்தான அமன்ரடீனை, அடிபட்டு 4 முதல் 16 வாரமான 184 பேரிடம் சோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி மருந்து கொடுத்த நான்கு வாரமும் மீட்சி வேகப்பட்டது. நிறுத்தியதும் வேகம் குறைந்தது. மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து, பல ஆண்டுகளுக்கு முன் அடிபட்ட ஐந்து பேரின் கவனத்திறனை உயர்த்திய ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. ஐந்து பேர் மிகச் சிறிய தொகை. ஆண்டுகள் கடந்த பின்னும் மூளை அசைந்து கொடுக்கிறது என்பதே எனக்கு அதில் முக்கியம்.

அசைந்து கொடுப்பது எப்படி? ஒரு பகுதி அழிந்தால் அதன் வேலையை அயற்பகுதிகள் கற்றுக்கொள்ளும். ஆனால் தாமாகக் கற்பதில்லை. ரன்டோல்ப் நூடோ என்ற ஆய்வாளர் 1996இல் குரங்குகளிற் காட்டியது அதுதான்: மூளையில் சிறு சேதம் ஏற்பட்ட பின் கைப்பயிற்சி பெற்றவற்றில் கைக்குரிய பகுதி காக்கப்பட்டது, அயலுக்கும் பரவியது, பயிற்சி இல்லாதவற்றில் சேதமடையாத பகுதியும் சுருங்கியது. நல்ல கையைக் கட்டிவிட்டு இயலாத கையை மணிக்கணக்கில் வேலை செய்யவைக்கும் எட்வேட் ரோப்பின் முறை, பாரிசவாதம் வந்த 222 பேரிடம் சோதிக்கப்பட்டு 2006இல் உறுதியானது. தமிழகத்திற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்த வி. எஸ். ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டி இன்னும் எளிது. நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி இயலாத கை அசைவதாக மூளையை நம்பவைப்பது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் விலைதான் செலவு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குடும்பத்தின் அன்பும் பயிற்சியும் எதையும் வெல்லும் என்று சொல்லும் கதைகள் உண்டு. மிகப் பெயர் பெற்றது, ஐம்பதுகளின் இறுதியிற் பாரிசவாதத்தில் வீழ்ந்த ஸ்பானியப் புலவர் பெத்ரோ பாக்-இ-றீற்றாவுடையது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் அவரைக் குழந்தைபோல் தவழவிட்டு, சட்டி கழுவவிட்டு, படிப்பிக்கும் தொழிலுக்கே திரும்பவைத்தான். உண்மைக் கதை. ஆனால் இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளரிடம் ‘குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதுமா’ என்று சோதித்தபோது, 2017இல் வந்த விடை: பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாதவற்றிலும் ஆறு மாதத்தில் இறந்தோர் அல்லது பிறரில் தங்கியிருந்தோர் ஒரே 47 வீதம். அக்காமாரையும் மனைவிமாரையும் இயன்மருத்துவருக்குப் பதிலாக வைத்துவிட முடியாது. “எங்கட சனம் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லி மறுவாழ்வுச் சேவையைத் தள்ளிப்போடுவோருக்கு இந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும்.

பேச்சு போனவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூளையின் இடப்பக்கம் சேதமானவர் எல்லாம் விளங்கியும் ஒரு சொல் வராமல் தவிப்பார். அவரை நாங்கள் ‘மறதி’ என்றோ ‘விசர்’ என்றோ எண்ணிவிடுகிறோம். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 608 பாரிசவாத நோயாளரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது எங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: இரு மொழி பேசுவோரில் சுமார் 40 வீதத்தினர் இயல்பான அறிதிறனுக்கு மீண்டனர், ஒரு மொழி மட்டும் பேசுவோரில் அது 20 வீதத்துக்குக் கிட்ட. பேச முடியாத சிலர் பாடுவார்கள் என்பதும் நெடுநாளாக அறிந்த உண்மை. அதை அடிப்படையாக வைத்து மெட்டோடு சொற்களைப் பயிற்றும் சிகிச்சை எழுபதுகளில் உருவானது. தேவாரத்தையும் திருப்புகழையும் ஞானப்பாட்டையும் சிறு வயதிலிருந்து வாயிலே வைத்திருக்கும் சமூகத்தில் இதற்கு இயற்கையான வாய்ப்பு இருக்கிறது. அதற்குத் தமிழில் வேலை செய்யும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வேண்டும். ஆங்கிலச் சோதனைத் தாளை மொழிபெயர்த்தால் போதாது. வினைச்சொல் கடைசியில் வந்து, அதன் வாலில் ஆண், பெண், காலம் எல்லாம் தொங்கும் மொழி எங்களுடையது. எந்த இடத்தில் உடைகிறது என்பதைத் தமிழ்க் காதுதான் கண்டுபிடிக்கும்.

மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் இதை 160 ஆண்டுக்கு முன்னரே உணர்ந்தார். மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். சத்திரசிகிச்சையை ‘இரண வைத்தியம்’ என்று 1867இல் தமிழாக்கினார். 1872இல் உடற்கூற்றை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தந்தார். நோயாளியின் மொழியில் வைத்தியம் நடக்க வேண்டும் என்ற அவரது பிடிவாதம், மூளைக்காயத்தைப் போல் வேறெந்த நோயிலும் இவ்வளவு தேவைப்பட்டிராது.

அடுத்தது போர். இதை எழுதக் கை தயங்குகிறது. 1943இல் சிமொலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு துளைத்த சசெற்ஸ்கி என்ற இளம் ருஷ்யப் போர்வீரரை நரம்பியலாளர் அலெக்சாண்டர் லூரியா ஏறத்தாழ முப்பது ஆண்டு பார்த்து வந்தார். வாசிக்க முடியாத, தன் உடலின் வலப்பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாத அந்த மனிதர், ஒரு நாளுக்குச் சில வரி என்று ஆண்டாண்டாய்த் தன் வாழ்க்கையை எழுதினார். எழுதியதைத் தானே வாசிக்க முடியாமலும் எழுதினார். அக்காவின் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அவரைப் பற்றிப் படித்தேன். வியற்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஆய்வு, தலையைத் துளைத்த காயமுள்ளோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பதினைந்து ஆண்டுக்குள் வலிப்பு வந்ததாக 1985இல் சொன்னது. சிலருக்குக் காயம் பட்டுப் பல ஆண்டு கழித்து முதல் வலிப்பு. ஷெல் சிதறல் தலைக்குள் இருக்கும் எத்தனை பேர் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தீவகத்திலும் இன்று நடமாடுகிறார்கள்? 2009இன் முதல் மாதங்களில் வன்னிக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக ஏற்றியவர்கள் மட்டும், காயக்காரரும் உடன் வந்தோருமாக, ஏறத்தாழ 14,000 பேர். அவர்களில் ஒருவருக்கு இன்று வலிப்பு வந்தால் வீட்டார் பேய், செய்வினை என்று அலையாமல், பழைய காயத்தை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மறு பக்கமும் உண்டு. வலிப்பைத் தடுக்கும் ஃபெனிற்றோயின், அடிபட்ட முதல் வாரத்து வலிப்பையே தடுக்கும், பின்னால் வருவதைத் தடுக்காது என்று 1990இல் 404 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. ஆகவே எவ்வளவு காலம் குளிசை என்பது கிளினிக்கிற் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வி. தானாக நிறுத்துவதும் பிழை, கேளாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் பிழை.

போரின் மனக்காயத்தை எங்களுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியவர் யாழ். பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1998இல் வந்த அவருடைய ஆங்கில நூலும் தமிழ் எழுத்துகளும் ஒரு தலைமுறைக்கே கண் திறந்தன. அந்தப் பணிக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் நித்திரையின்மை, எரிச்சல், கவனச் சிதறல், மறதி எல்லாம் மனக்காயத்துக்கும் உரியவை, மூளைக்காயத்துக்கும் உரியவை. ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கப் படையினரை ஆராய்ந்த சார்ள்ஸ் ஹோக், இலேசான தலைக்காயத்தின் விளைவு எனப்பட்டவற்றிற் பெரும்பகுதி மன வடுவாலும் மனச்சோர்வாலும் விளக்கப்படுவதாகவும், தலையிடி மட்டுமே மிஞ்சியதாகவும் 2008இல் எழுதினார். மறுதலையாக, சித்திரவதையில் தலையடி பட்டுத் தப்பிய தென்வியற்நாம் கைதிகளின் மூளையில் ஸ்கானிலேயே தெரியும் மாற்றங்களை 2009இல் ரிச்சட் மொலிக்கா குழுவினர் காட்டினர். அந்த மாற்றங்கள் மனச்சோர்வோடு தொடர்புபட்டிருந்தன. ஒன்று மற்றதைத் தள்ளவில்லை. என் கணிப்பில், எங்கள் பக்கத்தில் மனக்காயத்தைப் பற்றி மட்டுமே கேட்கப் பழகிவிட்டோம்: “என்ன நடந்தது, யாரை இழந்தாய்?” “தடுப்பிலோ பதுங்கு குழியிலோ தலையில் அடிபட்டதா, எவ்வளவு நேரம் நினைவு போனது?” என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

‘முந்தின ஆள் இல்லை’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அடிபட்டால் கை கால் நன்றாயிருக்கும், கதை பேச்சு நன்றாயிருக்கும். கோபத்தை அடக்கும் கடிவாளம், ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் உந்துதல், செய்த பிழையைத் தானே கண்டுகொள்ளும் கண் ஆகிய மூன்றும் போயிருக்கும். ஊர் அதைத் ‘திமிர்’ என்கிறது, ‘சோம்பல்’ என்கிறது. தலைக்காயம் பட்டு முதல் ஆண்டுக்குள் பெரு மனச்சோர்வுக்கு ஆளானோர் 559 பேரில் 53 வீதம் என்று 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சும் உண்டு. திமிருக்குத் திட்டு மட்டுமே உண்டு. எந்தப் பெயரை வைக்கிறோம் என்பதில் ஓர் ஆளின் மிச்ச வாழ்வு தங்கியிருக்கிறது.

மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024இல் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது வடக்குக்கு நல்ல செய்தி. ஆனால் பருத்தித்துறையிலிருந்து ஒருவர் வாரத்துக்கு மூன்று தடவை மாங்குளம் போய்வர முடியாது. பயிற்சி மாதக்கணக்கில், வீட்டுக்குக் கிட்ட, விட்டுவிடாமல் நடந்தால்தான் பலன். கர்ப்பிணித் தாயின் வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தவறாமற் போகும் வழக்கம் இந்த நாட்டில் பல தலைமுறையாக இருக்கிறது. அப்படி ஒருவர், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம், இருபத்துநாலாம் மாதங்களில் தலைக்காயம் பட்டவரின் படலையைத் திறந்துகொண்டு வந்து, நித்திரை எப்படி, கோபம் எப்படி, வலிப்பு வந்ததா, குளிசை இருக்கிறதா, பராமரிப்பவர் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் போதும். வைத்தியசாலையை விட்டு வரும்போது கையிற் தரும் டயக்னோசிஸ் காட்டோடு, வீட்டார் என்ன பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் இணைத்தால் இன்னும் நல்லது.

அக்கா இப்போது மூன்றாவது கொப்பியில் எழுதுகிறாள். முதற் கொப்பியில் “கண்ணால பார்த்தான்”, “கஞ்சி இறங்கிச்சுது”, “சத்தம் போட்டான்” என்ற வரிகள். இரண்டாவதில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு பல பக்கம் ஒரே வரி: “அப்பிடியே தான்.” அந்தப் பக்கங்களை எழுதிய நாட்களில் அவள் எப்படி இருந்தாள் என்று நான் கேட்டதில்லை. சென்ற முறை போனபோது புதுக் கொப்பியைக் காட்டினாள். இருபத்திரண்டாம் மாதத்தின் ஒரு நாளில் எழுதியிருந்தது: “கடைக்குப் போய்ப் பாண் வாங்கினான். மிச்சக் காசு இருபது ரூபா குறைவு. படலை வரைக்கும் வந்து, எண்ணிப் பார்த்துப் போட்டு, தானே திரும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தான்.”